போலீஸ் விட்டாலும் லீக் விடாதது ஏன்? என்எஃப்எல் வீரர்கள் மீதான ஒழுங்கு நடவடிக்கைகள் பற்றி

டாலஸில் வேலை பார்க்கும் என் அக்கா மகன், அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில் ஆடும் கௌபாய்ஸ் அணியின் தீவிர ரசிகன். போன வாரம் போனில் பேசும்போது ஒரு பழைய கோபத்தைக் கிளறினான். “மாமா, எலியட் மேல போலீஸ் கேஸே போடல. அப்புறம் எப்படி லீக் அவரை ஆறு ஆட்டம் உட்கார வெச்சது? வீட்டுல நடந்ததுக்கு வேலை செய்யுற எடத்துல எப்படித் தண்டிக்கலாம்? கோர்ட்டும் ஏன் கையை விரிச்சது?” எலியட் என்பவர், தோழியை அடித்ததாகப் புகார் வந்தபோது கௌபாய்ஸில் ஆடிக்கொண்டிருந்த வீரர். இதோடு இன்னொன்றும் கேட்டான். வருங்கால மனைவியை அடித்ததை நாடே வீடியோவில் பார்த்த ஒருவருக்காக வீரர்கள் சங்கம் ஏன் வக்கீல் வைத்து வாதாடியது?

போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் அமெரிக்கக் கால்பந்தை நெருங்கியதே இந்தத் தகராறுகள் வழியாகத்தான். கோவைப் பக்கம் மில் தொழிலாளர்களுக்காகப் பல வருடங்கள் என்கொயரிகளில் உட்கார்ந்தவன் நான். சார்ஜ் மெமோ, உள்விசாரணை, தண்டனை, அப்பீல் என்ற வரிசை எந்த நாட்டிலும் மாறுவதில்லை. என்எஃப்எல் வீரரின் சம்பளம் எத்தனை கோடியாக இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் அவர் சங்கத்தில் இருக்கும் ஒரு தொழிலாளிதான். அப்படிப் பார்த்தால்தான் இந்த விஷயம் பிடிபடும்.

முதலில், வெளியே நடந்ததற்கு எப்படித் தண்டனை என்பது. நம் நாட்டில் 1983-இல் கிளாக்ஸோ வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு போட்டது. நிறுவன வளாகத்திலோ அதன் அருகிலோ செய்த குற்றம் என்று நிறுவனத்தின் ஒழுங்கு விதிகளான நிலையாணை சொன்னால், ஊரில் வேறெங்கோ நடந்ததை நிர்வாகம் இஷ்டத்துக்கு அதற்குள் இழுத்துவர முடியாது என்றது. என்எஃப்எல் வீரரின் ஒப்பந்தத்தில் இந்த வேலியே கிடையாது. எல்லா வீரர்களும் கையெழுத்துப் போடும் பொதுப் படிவத்தின் 15-ஆவது பத்தி, ஆட்டத்தின் நேர்மைக்கோ அதன் மேல் மக்கள் வைத்திருக்கும் நம்பிக்கைக்கோ கேடு செய்யும் நடத்தை என்று லீக்கின் தலைவரான கமிஷனர் கருதினால் அபராதம் போடலாம், தடை விதிக்கலாம், ஒப்பந்தத்தையே முடிக்கலாம் என்கிறது. மக்கள் நம்பிக்கை என்று எழுதிவிட்டால் அதற்கு வாசல் கேட்டும் இல்லை, ஷிப்ட் நேரமும் இல்லை. வீடு, ஹோட்டல், காரில் போகும் வழி எல்லாம் அதற்குள் வந்துவிடும்.

இந்த அதிகாரம் பிறந்த இடம் பேஸ்பால். 1919 உலகத் தொடரில் காசு வாங்கிக்கொண்டு தோற்றதாக சிகாகோ ஒயிட் சாக்ஸ் வீரர்கள் எட்டுப் பேர் மீது குற்றச்சாட்டு எழுந்தது. ஆட்டத்தின் மானம் போனதைப் பார்த்துப் பயந்த முதலாளிகள், கெனசா மவுண்டன் லேண்டிஸ் என்ற ஃபெடரல் நீதிபதியைக் கூட்டிவந்து முதல் கமிஷனராக உட்கார வைத்தார்கள். 1921 ஆகஸ்ட் 2 அன்று ஜூரி வீரர்களை விடுதலை செய்தது. மறுநாளே லேண்டிஸ், ஜூரி என்ன சொன்னாலும் சரி, இவர்கள் இனி ஆடக் கூடாது என்று எட்டுப் பேருக்கும் வாழ்நாள் தடை போட்டார். கோர்ட் விட்டவரை லீக் விடாது என்ற மரபுக்கு நூறு வயது தாண்டிவிட்டது. என்எஃப்எல்லிலும் 1963-இல் அன்றைய கமிஷனர் பீட் ரோசெல், பந்தயம் கட்டியதற்காக பால் ஹார்னங், அலெக்ஸ் காரஸ் இருவரையும் ஒரு சீசன் முழுக்க வெளியே வைத்தார்.

வீட்டு வன்முறை, பாலியல் குற்றங்கள் எல்லாம் இந்த அதிகாரத்துக்குள் வந்தது பிற்பாடுதான். 1997-இல் என்எஃப்எல் ஒரு வன்முறைக் குற்றக் கொள்கையைக் கொண்டுவந்தது. 2000-இல் அது தனிநபர் நடத்தைக் கொள்கையாக விரிந்தது. 2006-இல் கமிஷனராக வந்த ரோஜர் குடெல் மறு ஆண்டே அதை இறுக்கினார். குற்றவாளி என்று கோர்ட் சொல்லும் வரை காத்திருக்கத் தேவையில்லை என்ற நிலை உறுதியானது. 2010-இல் பிட்ஸ்பர்க் அணியின் பென் ராத்லிஸ்பெர்கர் மீது ஒரு பெண் கொடுத்த பாலியல் புகாரில் அரசு வழக்கே தொடரவில்லை. இருந்தும் ஆறு ஆட்டத் தடை வந்தது. பிறகு அது நான்காகக் குறைந்தது.

இந்த இடத்தில் என் மருமகனோடு நான் உடன்படவில்லை. போலீஸ் விட்டால் லீக்கும் விட வேண்டும் என்பது சரியான வாதம் இல்லை. சிறைக்கு அனுப்ப, சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் வேண்டும். வேலையிடத்து விசாரணையில், எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று பார்த்தால் போதும். நம் ஊர் என்கொயரியிலும் இதே அளவுகோல்தான். பெண்களைத் தாக்கிய வழக்குகள் கோர்ட் வரை போகாமல் நின்றுவிட ஆயிரம் காரணம் உண்டு. சாட்சி பின்வாங்குவார், பணம் கைமாறும், ஜூரி நம்பாது என்று அரசு வக்கீலே ஒதுங்குவார். எதுவும் நடக்கவில்லை என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது. ஆகவே லீக் தானாக விசாரிப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. விசாரிப்பவர், தண்டிப்பவர், அப்பீல் கேட்பவர் மூவரும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பதில்தான் ஆட்சேபணை.

லீக்கும் வீரர்கள் சங்கமும் சேர்ந்து போட்ட கூட்டு ஒப்பந்தத்தின் 46-ஆவது பிரிவு அந்த நாற்காலியைப் போட்டுக் கொடுக்கிறது. கமிஷனர் தண்டனை கொடுப்பார். அதன் மேல் அப்பீலைக் கேட்பவரும் கமிஷனரே, அல்லது அவர் கைகாட்டும் ஒருவர். கமிஷனருக்குச் சம்பளம் கொடுப்பது அணி முதலாளிகள். வீரர்களில் பாதிக்கும் மேலானவர்கள் கறுப்பினத்தவர்கள், முதலாளிகள் ஏறக்குறைய எல்லாருமே வெள்ளையர்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்தப் பிரிவின் மேல் வீரர்கள் மத்தியில் ஏன் இவ்வளவு கசப்பு என்று விளங்கும்.

இப்போது, மருமகன் கேட்ட அந்த வீடியோவில் இருந்த ரே ரைஸ். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் வந்த தகராறுகள் எல்லாவற்றுக்கும் வேர் இங்கேதான்.

2014 பிப்ரவரி 15 அதிகாலை. அட்லாண்டிக் சிட்டியில் ஒரு கேசினோவின் லிஃப்டுக்குள் பால்டிமோர் ரேவன்ஸ் வீரர் ரைஸ், தான் மணக்கவிருந்த பெண்ணை அடித்து வீழ்த்தினார். நினைவிழந்த அவரை லிஃப்டிலிருந்து இழுத்துப் போடும் வீடியோ சில நாட்களிலேயே வெளியானது. மார்ச் மாதம் குற்றச்சாட்டு பதிவானது, மறுநாள் இருவருக்கும் திருமணம் நடந்தது. மே மாதம் கோர்ட் வழக்கை நிறுத்திவைத்து அவரைச் சீர்திருத்தத் திட்டத்துக்கு அனுப்பியது. ஜூன் 16 அன்று நியூயார்க்கில் குடெல் ரைஸை அழைத்து விசாரித்தார். அந்த அறையில் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்.

அடித்தவரையும் அடிபட்டவரையும் ஒரே அறையில் வைத்து விசாரிப்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். மில் குவார்ட்டர்ஸில் மனைவியை அடித்த ஒரு தொழிலாளிக்கு நிர்வாகம் சஸ்பென்ஷன் கொடுத்திருந்தது. அவருக்காகப் பேச வேண்டியவன் நான். அந்தப் பெண்ணைச் சாட்சியாகக் கூப்பிட்டு, கணவனுக்குப் பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். முகத்தில் கன்றிப்போன தழும்பு அப்படியே தெரிந்தது. “என்னம்மா நடந்தது?” என்று என்கொயரி ஆபீசர் கேட்டார். “ஒண்ணுமில்லீங்க, நான்தான் வாசப்படில தடுக்கி விழுந்துட்டேன்” என்றார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்தே சஸ்பென்ஷன் ரத்தானது. சாயங்காலம் தனியாகச் சங்க ஆபீசுக்கு வந்தார். “அவருக்குத் தண்டனை கெடைக்கட்டும்ங்ண்ணா. ஆனா சம்பளத்த நிறுத்துனா அடுத்த அடி எனக்குத்தானுங்க.” அந்த வழக்கில் ஜெயித்ததை நான் யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை. குடெலின் அறையில் நடந்த அந்தக் கூட்டத்தைப் பற்றிப் படித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தப் பெஞ்சுதான்.

ஜூலை 24 அன்று ரைஸுக்கு இரண்டே இரண்டு ஆட்டத் தடை விதித்தார்கள். நாடு கொதித்தது. ஆகஸ்ட் 28 அன்று குடெல் முதலாளிகளுக்குக் கடிதம் எழுதி, தான் தவறு செய்துவிட்டதாக ஒப்புக்கொண்டு, இனி வீட்டு வன்முறைக்கு முதல் தடவை ஆறு ஆட்டம், இரண்டாம் தடவை வாழ்நாள் தடை என்று அறிவித்தார். செப்டம்பர் 8 அன்று லிஃப்டுக்கு உள்ளே பதிவான வீடியோ வெளியானது. அடி விழுவதை எல்லாரும் பார்த்தார்கள். அன்றே ரேவன்ஸ் அணி அவரை நீக்கியது, அன்றே லீக் காலவரையற்ற தடை விதித்தது. ஒரே குற்றத்துக்கு இரண்டாவது தண்டனை. இதற்கு லீக் சொன்ன காரணம், ஜூன் மாத விசாரணையில் ரைஸ் எங்களிடம் வேறு மாதிரி சொன்னார் என்பது.

சங்கம் அப்பீல் செய்தது. கமிஷனரே இதில் சாட்சி என்பதால் அவர் விசாரிக்க முடியாது என்றாகி, முன்னாள் ஃபெடரல் நீதிபதி பார்பரா ஜோன்ஸ் கேட்டார். குடெலே சாட்சிக் கூண்டில் உட்கார வேண்டியதாயிற்று. ஜூன் கூட்டத்தில் எடுத்த குறிப்புகளை ஜோன்ஸ் வாங்கிப் பார்த்தார். அவை அரைகுறை. ரைஸ் அடித்ததை மறைத்தார் என்பதற்கு அவற்றில் ஆதாரம் இல்லை. தன்னிடம் ரைஸ் உள்ளதை உள்ளபடி சொன்னார் என்று ரேவன்ஸ் மேலாளர் ஆஸி நியூசமும் சாட்சி சொன்னார். ரைஸ் லீக்கை ஏமாற்றவில்லை, வீடியோ வந்ததால் குற்றம் மாறிவிடவில்லை, எனவே இரண்டாவது தண்டனை தன்னிச்சையானது என்று நவம்பர் 28 அன்று ஜோன்ஸ் அதை ரத்து செய்தார்.

இதைப் படித்துவிட்டு அடித்தவர் தப்பிவிட்டார் என்று கோபப்படுபவர்கள் உண்டு. எனக்கும் அந்த லிஃப்ட் காட்சி இன்றும் வயிற்றைப் பிசைகிறது. ஆனால் ஜூலை மாதமே ஒழுங்காக விசாரித்து, மனைவியைத் தனியாகச் சந்தித்து, தகுந்த தண்டனை கொடுத்திருந்தால் அதை யாராலும் அசைத்திருக்க முடியாது. ஊர் வாய்க்குப் பயந்து கொடுத்த தண்டனை என்பதால்தான் அது நிற்கவில்லை. ரைஸ் அதற்குப் பிறகு ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை என்பது வேறு விஷயம். எந்த அணியும் எடுக்கவில்லை.

சங்கம் ஏன் வாதாடியது என்பதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது. உறுப்பினரை நேர்மையாகப் பிரதிநிதித்துவம் செய்வது அமெரிக்காவில் சங்கத்தின் சட்டக் கடமை. 1967-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே அதை விளக்கியிருக்கிறது. அதைவிட முக்கியம், ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை தண்டிக்கலாம் என்பதை ரைஸ் விஷயத்தில் விட்டுக்கொடுத்தால், நாளைக்கு ஒரு குற்றமும் செய்யாதவர் மேலும் அதே விதி வந்து உட்காரும். எங்கள் சங்கத்தில் திருடியதாகப் பிடிபட்டவருக்கும் போய்ப் பேசியிருக்கிறோம். திருட்டை யாரும் நியாயப்படுத்தவில்லை. விசாரணை முறை கெட்டுப்போகாமல் காவல் இருந்தோம், அவ்வளவுதான்.

அதே 2014-இல் மினசோட்டா வைகிங்ஸின் ஏட்ரியன் பீட்டர்சன் தன் நான்கு வயது மகனைக் குச்சியால் அடித்த வழக்கு வந்தது. அடித்தது மே மாதம். குடெலின் ஆறு ஆட்ட விதி வந்தது ஆகஸ்டில். நவம்பரில் லீக் புதிய விதியின் அடிப்படையில் அந்த சீசனின் மீதி ஆட்டங்கள் முழுக்கச் சம்பளமில்லாத் தடை போட்டது. அப்பீலைக் கேட்ட ஹெரால்ட் ஹெண்டர்சன், பல வருடங்கள் லீக்கின் தொழிலாளர் உறவுப் பொறுப்பில் இருந்த முன்னாள் அதிகாரி. அவர் தடையை உறுதி செய்தார். சங்கம் ஃபெடரல் கோர்ட்டுக்குப் போனது. பின்னால் வந்த விதியை முன்னால் நடந்ததன் மேல் ஏற்ற முடியாது என்று நீதிபதி டேவிட் டோட்டி 2015 பிப்ரவரியில் தடையை ரத்து செய்தார். 2016 ஆகஸ்டில் எட்டாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் டோட்டியின் தீர்ப்பைத் தூக்கிப் போட்டது.

கோர்ட் ஏன் கையை விரிக்கிறது என்பதற்கு இங்கேதான் விடை. அமெரிக்காவில் 1960-இல் இரும்பாலைத் தொழிலாளர் வழக்குகள் மூன்றில் உச்ச நீதிமன்றம் ஒன்றைத் தீர்மானமாகச் சொன்னது. சங்கமும் நிர்வாகமும் தங்கள் தகராறைத் தீர்க்க ஒரு நடுவரை ஏற்றுக்கொண்டுவிட்டால், அவர் தீர்ப்பு சரியா தப்பா என்று கோர்ட் பார்க்காது. அவர் ஒப்பந்தத்தைப் படித்துத்தான் முடிவு சொன்னாரா என்று மட்டும் பார்க்கும். தப்பாகப் படித்திருந்தாலும் அது நீங்கள் ஒத்துக்கொண்ட ஆளின் தப்பு, அனுபவியுங்கள் என்று விட்டுவிடும். நம் நாட்டில் 1971-இல் தொழில் தகராறு சட்டத்தில் 11-ஏ பிரிவைச் சேர்த்தார்கள். அதன்படி வேலைநீக்க வழக்கில், தண்டனை குற்றத்துக்குப் பொருத்தமில்லை என்று பட்டால் தொழிலாளர் நீதிமன்றமே அதைக் குறைக்க முடிந்தது. எத்தனையோ பேருக்கு நாங்கள் அதை வைத்து வேலை வாங்கிக் கொடுத்திருக்கிறோம். அங்கே அப்படி ஒரு கதவே இல்லை.

மைதானத்துக்கு வெளியே நடந்த விஷயம் இல்லையென்றாலும் பந்தில் காற்றைக் குறைத்த விஷயம் தெரிந்தே ஆடியதாக நியூ இங்கிலாந்து வீரர் டாம் பிரேடியைத் தண்டித்த வழக்கை இங்கே சொல்லியாக வேண்டும். தண்டனை கொடுத்தவரே அப்பீலும் கேட்டார், பாரபட்சம் என்று வாதாடினார்கள். ஒப்பந்தத்தில் நீங்களே அப்படி எழுதிக்கொண்டீர்கள், இப்போது வந்து புகார் சொல்ல முடியாது என்று இரண்டாவது சர்க்யூட் 2016 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு 46-ஆவது பிரிவை கோர்ட்டில் உடைப்பது ஏறக்குறைய முடியாத காரியம் ஆகிவிட்டது.

எலியட் அதற்கு அடுத்த வருடம் வந்து மாட்டியவர். 2016 ஜூலையில் ஓஹையோவின் கொலம்பஸில் அவர் தன்னை அடித்ததாக அவருடைய முன்னாள் தோழி புகார் சொன்னார். சாட்சியங்கள் ஒன்றுக்கொன்று முரணாக இருப்பதாகச் சொல்லி அரசுத் தரப்பு வழக்குப் போடவில்லை. எலியட் ஆரம்பம் முதலே மறுத்தார். லீக் ஒரு வருடத்துக்கும் மேல் விசாரித்து, ஆலோசகர்கள் நான்கு பேரை வைத்துக்கொண்டு, 2017 ஆகஸ்ட் 11 அன்று ஆறு ஆட்டத் தடை அறிவித்தது.

அப்பீலில்தான் விஷயம் வெளியே வந்தது. புகார் சொன்ன பெண்ணை நேரில் சந்தித்துப் பேசிய லீக்கின் விசாரணை அதிகாரிக்கு, அவர் சொன்னதன் நம்பகத்தன்மை பற்றிச் சந்தேகங்கள் இருந்தன. தடை விதிக்கும்படி அவர் பரிந்துரைக்கவில்லை. ஆலோசகர்களோடு குடெல் உட்கார்ந்த கூட்டத்துக்கு அந்த அதிகாரியை அழைக்கவும் இல்லை. பெண்ணைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும், விசாரணைக் குறிப்புகள் வேண்டும், குடெல் சாட்சி சொல்ல வேண்டும் என்று சங்கம் கேட்ட மூன்றையும் ஹெண்டர்சன் மறுத்தார். நேரில் பேசிய ஒரே ஆளை வெளியே நிறுத்திவிட்டு எடுத்த முடிவு இது. அந்த அதிகாரியின் சந்தேகம் சரியாகவே இருந்தது என்று நான் சொல்லவில்லை. அடிபட்டவர்கள் முன்னுக்குப் பின் முரணாகப் பேசுவது சகஜம். லீக்குக்கு வேறு சான்றுகளும் இருந்தன, காயங்களின் படங்களும் இருந்தன. ஆனால் சந்தேகத்தைக் கேட்டு, எடைபோட்டு, அதற்குப் பிறகும் தண்டித்திருந்தால் அந்தத் தண்டனைக்கு ஒரு பலம் இருந்திருக்கும். அந்தப் பெண்ணுக்கும் அதுதான் நியாயமாக இருந்திருக்கும். லீக் செய்த காரியத்தால் அவர் பொய்காரி என்று ரசிகர்கள் திட்டியதுதான் மிச்சம்.

பிறகு நடந்த கோர்ட் ஓட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். செப்டம்பர் 8 அன்று டெக்சாஸ் நீதிபதி அமோஸ் மசான்ட் தடையை நிறுத்திவைத்தார். ஹெண்டர்சன் முடிவு சொல்வதற்கு முன்பே வழக்குப் போட்டது தப்பு என்று ஐந்தாவது சர்க்யூட் அக்டோபர் 12 அன்று அதைத் தள்ளியது. வழக்கு நியூயார்க் போனது. ஒரு நீதிபதி தற்காலிகமாக நிறுத்தினார், இன்னொரு நீதிபதி மறுத்தார், மேல்முறையீட்டில் சில நாள் மூச்சு விட்டார்கள், அதுவும் போனது. நவம்பர் 15 அன்று எலியட் அப்பீலைக் கைவிட்டு ஆறு ஆட்டமும் வெளியே இருந்தார். மூன்று மாதத்தில் எத்தனையோ நீதிபதிகள் பார்த்தும், அவர் அடித்தாரா இல்லையா என்று யாரும் விசாரிக்கவில்லை. அது அவர்கள் வேலையே இல்லை.

இவ்வளவு மோசமான பிரிவை சங்கம் ஏன் ஒத்துக்கொண்டது என்று மருமகன் அடுத்துக் கேட்டான். பேர மேசையில் உட்கார்ந்தவர்களுக்கு இது தெரியும். 2011-இல் முதலாளிகள் நான்கு மாதத்துக்கு மேல் கதவடைப்புச் செய்தார்கள். அந்த நேரத்தில் இரண்டாயிரம் வீரர்களுக்கும் வருமானப் பங்கு, பயிற்சி நேரம், மருத்துவம் எல்லாம் உடனடிப் பிரச்சினை. ஒழுங்கு நடவடிக்கை, வருடத்துக்கு ஒரு கைப்பிடி ஆட்களைத் தொடுவது. தனக்கு அது வரும் என்று எந்த வீரரும் நினைப்பதில்லை. மில்லிலும் அப்படித்தான். போனஸுக்கு கேட் கூட்டம் போட்டால் ஆயிரம் பேர் வருவார்கள், நிலையாணைத் திருத்தத்துக்குப் போட்டால் இருபது பேர்கூட வர மாட்டார்கள்.

2020 ஒப்பந்தத்தில் கொஞ்சம் நகர்ந்தார்கள். 1,019-க்கு 959 என்ற மயிரிழை வித்தியாசத்தில் வீரர்கள் வாக்களித்து ஏற்ற ஒப்பந்தம் அது. லீக்கும் சங்கமும் சேர்ந்து நியமிக்கும் ஒரு ஒழுங்கு அதிகாரி முதலில் விசாரிப்பார். மீறல் எதுவும் இல்லை என்று அவர் சொன்னால் அத்தோடு முடிந்தது. மீறல் உண்டு என்று சொன்னால், உண்மைகள் பற்றி அவர் கண்டது இறுதியானது. ஆனால் தண்டனையின் அளவு பற்றிய அப்பீல் மறுபடியும் கமிஷனரிடமோ அவர் ஆளிடமோ போகும். முன்வாசலில் புதுப் பூட்டு போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்தே வைத்த மாதிரி.

அதன் முதல் பெரிய சோதனை, ஹூஸ்டன் அணியில் இருந்த டிஷான் வாட்சன். மசாஜ் சிகிச்சையின்போது தகாத முறையில் நடந்துகொண்டதாக இருபதுக்கும் மேற்பட்ட பெண்கள் அவர் மீது சிவில் வழக்குப் போட்டார்கள். அவர் எல்லாவற்றையும் மறுத்தார். 2022 மார்ச்சில் டெக்சாஸில், வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்யும் கிராண்ட் ஜூரிகள் இரண்டும் குற்றம் சாட்ட மறுத்தன. அதே மாதம் கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் 23 கோடி டாலர் உத்தரவாத ஒப்பந்தத்தோடு அவரை எடுத்தது. அதில் 2022-க்கான அடிப்படைச் சம்பளத்தை மட்டும் சுமார் 10 லட்சம் டாலராக வைத்தார்கள். தடைக்காலத்தில் பிடித்தம் அடிப்படைச் சம்பளத்தில்தான். ஆறு ஆட்டம் வெளியே இருந்தாலும் போவது மூன்றரை லட்சம் டாலருக்குக் கீழே. 23 கோடியில் அது எந்த மூலைக்கு? தண்டனை வரும் முன்பே அதன் பல்லைப் பிடுங்கி வைத்த மாதிரி ஆகிவிட்டது.

முன்னாள் ஃபெடரல் நீதிபதி சூ ராபின்சன் மூன்று நாள் விசாரித்தார். லீக் தன் வரையறைப்படி பாலியல் தாக்குதலை நிரூபித்திருக்கிறது என்று எழுதினார். லீக் இதுவரை பார்த்தவற்றிலேயே இது மிக மோசமான நடத்தை என்றும் எழுதினார். கடைசியில் கொடுத்தது ஆறு ஆட்டம். லீக் கேட்டது குறைந்தது ஒரு சீசன். இவ்வளவு மோசம் என்றால் ஏன் ஆறு? இந்த மாதிரிக் குற்றத்துக்கு லீக் அதுவரை கொடுத்துவந்ததெல்லாம் குறைவு, திடீரென்று அளவை மாற்றுவதென்றால் வீரர்களுக்கு முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும் என்றார். பல வருடம் இலேசாக விட்ட லீக்கை அதன் பழைய கணக்கேடே பிடித்துக்கொண்டது. ராபின்சன் சட்டப்படி சரி என்று நினைக்கிறேன். அந்தப் பெண்களுக்கு அந்த எண் எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்தால் மனம் ஆறவில்லை.

லீக் அப்பீல் செய்தது. குடெல் நியமித்தது நியூஜெர்சியின் முன்னாள் அட்டர்னி ஜெனரல் பீட்டர் ஹார்வியை. எலியட் விஷயத்தில் குடெலுக்கு ஆலோசனை சொன்ன நால்வரில் ஒருவர் அவர். முடிவு எந்தப் பக்கம் போகும் என்று சங்கத்துக்குத் தெரியாதா? ஆகஸ்ட் 18 அன்று 11 ஆட்டமும் 50 லட்சம் டாலர் அபராதமும் என்று சமரசம் ஆனது. டிசம்பர் 4 அன்று வாட்சன் திரும்பி வந்து ஆடிய முதல் ஆட்டம் ஹூஸ்டனில், புகார்கள் எழுந்தபோது அவர் இருந்த அதே அணிக்கு எதிராக.

வேறு வழியே இல்லையா என்றால், பக்கத்து லீக்கில் இருக்கிறது. பேஸ்பாலில் 2015 ஆகஸ்டில் வீரர்கள் சங்கமும் லீக்கும் சேர்ந்து உட்கார்ந்து வீட்டு வன்முறைக் கொள்கையை எழுதினார்கள். அங்கேயும் கமிஷனர்தான் தண்டிப்பார், கோர்ட்டில் குற்றம் நிரூபணமாக வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. ஆனால் அப்பீல் இரு தரப்பும் ஏற்ற வெளியாள் நடுவரிடம் போகும். பெண்ணைத் தாக்கியதாகப் புகார் வந்த பந்துவீச்சாளர் டிரெவர் பாவர் மீது 2022-இல் குற்ற வழக்கு தொடரப்படவில்லை, அவரும் குற்றச்சாட்டுகளை மறுத்தார். ஆனாலும் கமிஷனர் 324 ஆட்டத் தடை விதித்தார். மாதக்கணக்கில் விசாரித்த நடுவர் அதை 194-ஆகக் குறைத்தார். அந்தக் கொள்கையின் கீழ் அதுவரை வந்த தடைகளில் மிக நீளமானது அந்த 194-தான். வெளியாள் நடுவர் வந்தால் தண்டனை நீர்த்துப்போகும் என்று சொல்பவர்கள் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

ஆஸ்திரேலிய ரக்பி லீக் இன்னொரு வழி பிடித்தது. கடுமையான குற்றச்சாட்டு பதிவானாலே வீரர் சம்பளத்தோடு வெளியே உட்கார வேண்டும், குற்றவாளி என்ற முத்திரை இல்லாமல் என்று 2019-இல் விதி போட்டார்கள். பாலியல் தாக்குதல் குற்றச்சாட்டு பதிவான வீரர் ஜேக் டி பெலின் அதை எதிர்த்து ஃபெடரல் கோர்ட்டுக்குப் போய்த் தோற்றார். அவர் வழக்கில் ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வர முடியாமல் 2021-இல் குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன. அதற்குள் இரண்டு சீசனுக்கு மேல் போய்விட்டது. சம்பளம் வந்தது, போன ஆடும் வயது திரும்பி வரவில்லை. அதனால் இதை முழுத் தீர்வு என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் அன்று சங்க ஆபீசுக்கு வந்த பெண் கேட்டதில் பாதி இதில் இருக்கிறது. விசாரணை முடியும் வரை வீட்டுக்குப் பணம் வருகிறது.

என்எஃப்எல்லின் இப்போதைய ஒப்பந்தம் 2030 சீசன் வரை ஓடும். அடுத்த பேரத்துக்கு வீரர்கள் என்ன கொண்டுபோக வேண்டும் என்று மருமகன் கடைசியாகக் கேட்டான். இரண்டு சொன்னேன். கடைசி அப்பீலைக் கேட்பவர் முதலாளிகளிடம் சம்பளம் வாங்காத வெளியாளாக இருக்க வேண்டும். அப்புறம், புகார் சொல்லும் பெண்ணை யாரும் அவர் கணவர் உட்கார்ந்திருக்கும் அறையில் வைத்துக் கேள்வி கேட்கக் கூடாது, அவருக்கென்று ஒரு வக்கீல் பக்கத்தில் இருக்க வேண்டும். “ரெண்டாவது சங்கம் கேக்கற விஷயமா மாமா?” என்றான். ஆமாம், சங்கம்தான் கேட்க வேண்டும். நாங்கள் அன்றைக்கு மில்லில் கேட்கவில்லை.